கரையில் காத்தால் கடலில் காக்கும்

ஃபைபர் படகு வைத்திருக்கும் சகோதரர்களே! நடுக்கடலில் என்ஜின் நின்றால் ஆபத்து பொருளுக்கு மட்டுமன்று, உயிருக்குமே. அதைத் தடுக்கும் பணி கரையில்தான் உள்ளது.

கரை திரும்பியதும் அவுட்போர்டு என்ஜினுக்குள் சில நிமிடங்கள் நன்னீரை ஓடவிடுங்கள். தவறினால் உள்ளே உப்புப் படிந்து, என்ஜினைக் குளிர்விக்கும் நீர்ப்பாதை அடைபடும். என்ஜின் ஓடும்போது வெளியே விழும் நீர்த்தாரை நின்றுவிட்டால், உடனே அணைத்துவிடுங்கள். அடைப்பை நீக்காமல் ஓட்டாதீர்கள்.

அவ்வப்போது புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். தண்டில் சுற்றிய தூண்டில் நரம்பு, ஆயில் சீலை அறுத்துவிடும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். பழுது பார்க்காமல் புறப்படாதீர்கள்.

அரிப்பைத் தான் ஏற்று என்ஜினைக் காப்பது துத்தநாகக் கட்டி. அதன்மீது வண்ணம் பூசாதீர்கள். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

கரையில் செலவிடும் பத்து நிமிடம், வீட்டார் கலங்கி விழித்திருக்கும் ஓர் இரவைத் தவிர்க்கும்.