ஒரே புரோகிராம், மூன்று போல்டர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் முதல் மாதத்திலேயே ஒரு தவறு செய்வார்கள். ஒரு கடிதத்தை டெஸ்க்டாப்பில் ஒரு காப்பி, பென் டிரைவில் ஒரு காப்பி என்று வைத்துக் கொள்வார்கள். பிறகு டெஸ்க்டாப்பில் இருப்பதை மட்டும் திருத்துவார்கள். பென் டிரைவில் இருப்பது பழைய பிழையுடன் அப்படியே கிடக்கும். அவசரத்தில் பிரிண்ட் எடுக்கும்போது அந்தப் பழைய கடிதம்தான் வந்து நிற்கும்.

கடிதம் என்றால் ஒரு தாளோடு போகும். கருவிகளுக்குள் இருக்கும் புரோகிராமில் இதே தவறு நடந்தால்? நானே செய்த தவறு என்பதால் சொல்கிறேன்.

வாஷிங் மெஷின், பிரிண்டர், பிராட்பேண்ட் ரவுட்டர் என எதை எடுத்தாலும் உள்ளே ஒரு சிறிய சிப் இருக்கும். அதில் ஒரு புரோகிராம் ஓடிக் கொண்டிருக்கும். இதற்கு எம்பெடட் சாப்ட்வேர் என்று பெயர். புரோகிராமர் எழுதும் வரிகளை சோர்ஸ் கோட் என்பார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கருவிகள் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் ஒன்று செய்தோம். அதற்காக நேரத்தை எண்ணும் சிறிய புரோகிராம் ஒன்றை எழுதினேன். அது வினாடிகளை 16 பிட் எண்ணாக வைத்துக் கொள்ளும். இந்த எண் 65,535 வரைதான் போகும். அடுத்த வினாடியில் மீண்டும் பூஜ்யம். அதாவது 18 மணி 12 நிமிடத்திற்கு ஒரு முறை கடிகாரம் தானாகவே பூஜ்யத்திற்குத் திரும்பி விடும். அந்த நேரத்தையொட்டி மோட்டாரைப் போட்டால், போட்டதுமே நின்று விடும். வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்கள். ஒரே நாளில் திருத்தினேன். பெருமையாகவும் இருந்தது.

நான் அறியாதது ஒன்று உண்டு. அதே கோடை வேறொருவர் காப்பி செய்து, முட்டை அடைகாக்கும் இன்குபேட்டருக்குப் பயன்படுத்தியிருந்தார். அதில் முட்டைகளை மணிக்கு ஒரு முறை திருப்பி வைக்க ஒரு சிறிய மோட்டார் உண்டு. அடுத்துத் திருப்ப வேண்டிய நேரத்தைக் கணக்கிட, அப்போதைய வினாடியுடன் 3,600 கூட்ட வேண்டும். 18 மணி நேரம் முடிந்ததும் இந்தக் கூட்டல் எல்லையைத் தாண்டி, மிகச் சிறிய எண்ணாக மாறி விடும். 'நேரம் வந்து விட்டது' என்று நினைத்துக் கொண்டு, அடுத்த 12 நிமிடமும் மோட்டார் நிற்காமல் திருப்பிக் கொண்டே இருக்கும். சில வினாடி ஓடுவதற்கான மோட்டார் அது. எத்தனை நாள் தாங்கும்? பண்ணையாளர் ஒருவரிடம் மோட்டார் எரிந்து போய், முட்டைகள் திருப்பப்படாமலேயே கிடந்தன. அந்த ஈடு முழுவதும் வீண். நான் திருத்தி ஐந்து மாதம் ஆன பிழை அது! தொட்டி போல்டரில் திருந்தியது, இன்குபேட்டர் போல்டரில் திருந்தவில்லை. மூன்றாவதாக ஒரு யு.பி.எஸ். போல்டரிலும் அதே காப்பி இருந்ததை அப்புறம்தான் கண்டுபிடித்தோம்.

அன்று முதல் என் கருத்து இதுதான். பல கருவிகளுக்குப் பொதுவான கோடு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எல்லாப் புராஜெக்ட்களும் அங்கிருந்தே எடுத்துக் கொள்ள வேண்டும். எந்தக் கருவியில் எந்தப் பதிப்பு போயிருக்கிறது என்று பட்டியலும் வேண்டும். 2005ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் போன்ற இலவச சாப்ட்வேர்கள் இந்தக் கணக்கை வைத்துக் கொள்ள உதவுகின்றன.

எங்கள் முதலாளி இதை ஏற்கவில்லை. "ஒன்றுக்காகத் திருத்தப் போய் மற்றது கெட்டு விட்டால்?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் சுமார் 40 வினாடிகளில் சிதறியது. ஏரியன் 4க்கு எழுதிய சாப்ட்வேரை அப்படியே அதில் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். அதைச் சார்ந்த ஒரு எண் 16 பிட்டில் அடங்கவில்லை. ராக்கெட் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே தேவையில்லை என்பதுதான் வேதனை.

ஆகவே பகிர்ந்து கொண்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு கருவியிலும் வைத்துச் சோதிக்கவும் வேண்டும். அதற்குப் பயந்து காப்பி எடுத்து ஒதுக்கி வைப்பது தீர்வாகாது. 2020 ஜூனில் ட்ரெக் என்ற நிறுவனத்தின் நெட்வொர்க் கோடில் 19 பாதுகாப்புக் குறைகள் இருப்பது வெளியானது. 'ரிப்பிள் 20' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிரிண்டர் முதல் மருத்துவமனைக் கருவிகள் வரை அந்தக் கோடு பல ஆண்டுகளாகக் கைமாறிப் போயிருந்தது. தங்கள் கருவிக்குள் அது இருப்பதைத் தயாரித்தவர்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் இருக்கும் நாம் என்ன செய்யலாம்? உங்கள் ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மாடல் எண்ணும், பெரும்பாலும் ஹார்ட்வேர் பதிப்பும் இருக்கும். குறித்துக் கொள்ளுங்கள். தயாரித்த நிறுவனத்தின் இணைய தளத்தில் அதே எண்ணுக்குப் புதிய பர்ம்வேர் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அதில் உள்ள வழிமுறைப்படி ஏற்றுங்கள். ஏற்றி முடியும் வரை மின்சாரத்தை நிறுத்தி விடாதீர்கள். புதிதாக வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், "இதற்கு எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள்?" என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாமல் போகலாம். பத்துப் பேர் கேட்டால் அவரும் கம்பெனியைக் கேட்பார்.