தோற்ற மன்னனின் பெயரையும் கற்பிப்போம்



"கடாரத்தை வென்றவர் யார்?" என்று வகுப்பில் வினவினால், மாணவர்கள் ஒரே குரலில் "இராசேந்திர சோழன்" என்பர். "அப்பொழுது கடாரத்தை ஆண்டவர் யார்?" என்று வினவினால் வகுப்பறை அமைதியாகிவிடும். குருணில் இருக்கும் நமக்கு இவ்வமைதி உறுத்த வேண்டாமா? நாம் செராய் மலையின் அடிவாரத்தில் வாழ்கிறோம். மலையின் மறுபுறம் பூஜாங் பள்ளத்தாக்கு. நம் பிள்ளைகள் பேசுவது வென்றவனின் மொழி. வாழ்வது தோற்றவனின் மண்.

அம்மன்னனின் பெயர் சங்கிராம விசயோத்துங்கவர்மன். 1025-இல் சோழர் கப்பற்படையிடம் யானைகளோடு பிடிபட்டான் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. அவனை நாம் அறிவதே அவனை வென்றவனின் மெய்க்கீர்த்தியால்தான்.

அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு இரு அரசுகளும் நட்புடன் இருந்தன. கடாரத்து மன்னர் சூளாமணிவர்மரின் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த புத்த விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். தந்தைக்குப் பின் அக்கொடையைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவனும் இராசேந்திரனே! கொடையை உறுதிசெய்த அவனே பின்னர்ப் படையையும் அனுப்பினான். 1090-இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்துத் தூதர் வேண்டுகோளின்படி அவ்விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். பகை மட்டுமே வரலாறு அன்று.

பாபிலோனை ஆண்ட அமோரிய மன்னன் அமுராபியைச் சட்டம் பொறித்த கல்தூணால் உலகமே அறியும். அவன் அழித்த மாரி நகரின் மன்னன் சிம்ரிலிம்மும் அமோரியனே. 1933-இல் தொடங்கிய அகழாய்வில் அந்நகரின் அரண்மனையிலிருந்து இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்தன. எனவே தோற்றவனின் கடிதங்களையும் இன்று படிக்க முடிகிறது. கடாரத்து மன்னனுக்கோ அப்பேறு வாய்க்கவில்லை. பள்ளத்தாக்கில் நமக்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் செங்கல்லும் கருங்கல்லுமான அடித்தளங்களே. அவற்றுள்ளும் 11ஆம் எண் சண்டி நிலமேம்பாட்டின்போது இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளிவந்தது. பேசுவதற்கு ஆவணமில்லாத ஒருவனுக்குக் கல்லும் இல்லாமற் போனால் என்ன மிஞ்சும்?

இப்படிக் கற்பித்தால் தமிழரின் பெருமை குறையாதா என்று சிலர் கேட்கக்கூடும். குறையாது என்பதே என் கருத்து. வெற்றியை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவன் வரலாற்றில் தனக்கு வேண்டியதை மட்டுமே தேடுவான். இரு பக்கமும் வினவப் பழகியவனோ நாளை எச்செய்தியையும் ஆராய்ந்தே ஏற்பான்.

ஆகவே ஆசிரியர்களே, அடுத்த கல்விச் சுற்றுலாவை மெர்போக் அருங்காட்சியகத்திற்கு ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோர்களே, ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளைப் புக்கிட் பத்து பகாட் சண்டியின் முன் நிறுத்துங்கள். "இங்கு யார் வந்தார்?" என்பதோடு, "இங்கு யார் இருந்தார்?" என்றும் அவர்கள் கேட்கட்டும்.

சிந்திப்போம்.