முதல் நடைக்குக் கிளம்புகிறவர்களுக்கு



பறவை பார்க்க ஆசை, ஆனால் பெயர்கூடச் சரியாகத் தெரியாது, விவரம் தெரிந்தவர்கள் நடுவில் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்று சிலர் எழுதுகிறீர்கள். கூச்சம் வேண்டாம், போங்கள். பனிக்காலம் நல்ல பருவம். வலசை வந்த பறவைகளும் அப்போது இங்கேதான் இருக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே கேரளத்தின் இரண்டு காடுகள் இருக்கின்றன. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கு நம் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போக வேண்டும். இடுக்கி மாவட்டத்துச் சின்னாறு, உடுமலையிலிருந்து மறையூர் போகிற சாலையில் இருக்கிறது. முதலாவது தேக்கும் மூங்கிலும் நிறைந்தது. இரண்டாவது மழை மறைவில் கிடக்கும் வறண்ட காடு. இரண்டிலும் வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டி துணையோடுதான் நடக்கலாம். வழிகாட்டிகளில் பலர் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி மக்கள். புதியவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

பரம்பிக்குளத்தில் ஒரு மூங்கில் புதரோரம் நடந்தபோது வல்லூற்றின் குரல் கேட்டது. எல்லோரும் வானத்தை அண்ணாந்தோம். "மேலே பார்க்காதீங்க சார், இங்கே பாருங்க" என்றார் வழிகாட்டி. எதிர்க் கிளையில் துடுப்புவால் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. மினுங்கும் கறுப்பு உடம்பு, வாலிலிருந்து கம்பிபோல நீண்ட இரண்டு இறகுகள், நுனியில் துடுப்பு. வல்லூறாகக் கத்தியது அதுதான். "இது வந்தா மத்ததும் வரும்" என்றார். வந்தன. மின்சிட்டுகள் உச்சியில், மரங்கொத்தி அடிமரத்தில், சின்னக் குருவிகள் இலைகளுக்குள் என்று ஒரு கூட்டமே எங்களைக் கடந்து போனது. மற்றவை கலைத்துவிடும் பூச்சிகள் கரிச்சானுக்கு இரை. ஆபத்து வந்தால் அது எழுப்பும் குரல் மற்றவற்றுக்குக் காவல். நான் புத்தகத்தில் படித்திருந்ததுதான். காதால் பிடிக்கக் கற்றுக்கொண்டது அவரிடம்.

ஆகவே முதல் நடைக்குக் கேமரா வேண்டாம் என்பேன். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர், மங்கிய நிறச் சட்டை, சிறு நோட்டு போதும். பறவையை வரவழைக்கச் செல்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடாதீர்கள். கூடு கட்டும் காலத்தில் அது பெரிய தொல்லை.

நோட்டில் பறவையோடு இடத்தையும் எழுதுங்கள். பாலக்காட்டுக் கணவாய் அகலத்தில் சுமார் 30, 40 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்கு வடக்கே நீலகிரியில் வாழும் சிரிப்பான் ஓர் இனம், தெற்கே மூணாறு மலைகளில் வாழ்வது வேறு இனம்.

இந்தப் பக்கத்து மனிதர்கள் இதில் நெடுநாள் ஊறியவர்கள். பாலக்காட்டுக் காவச்சேரியில் பிறந்த கே. கே. நீலகண்டன், 'இந்துசூடன்' என்ற பெயரில் 1958-இல் எழுதிய 'கேரளத்திலே பட்சிகள்' மலையாளிகள் பலரைப் பறவைகளிடம் கூட்டிச்சென்றது. 2015 முதல் 2020 வரை நடந்த கேரளப் பறவை வரைபடப் பணியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுக்க நடந்து கணக்கெடுத்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரு முதல் நடை இருந்திருக்கும்.

காடு வரை போக முடியாதவர்களுக்குப் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு உண்டு. வீட்டு வாசலில் 15 நிமிடம் நின்று பார்த்து இ-பேர்ட் தளத்தில் பதிந்தாலும் சேரும். க்ரியா வெளியிட்ட ப. ஜெகநாதன், ஆசை எழுதிய அறிமுகக் கையேடு தமிழிலேயே உதவும். பட்டியலில் முதலில் ஏறிய பறவை எது என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்