கோடுகளின் உரிமையாளர்

ஸ்டீபன் வில்ட்ஷைர் என்னும் லண்டன் ஓவியரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஒரே விதமாகவே எழுதப்படுகின்றன. ஹெலிகாப்டரில் சிறிது நேரம் ஒரு நகரத்தைச் சுற்றி வருகிறார். இறங்கியபின் நினைவிலிருந்தே அந்நகரத்தை வரைந்து முடிக்கிறார். 2005-ஆம் ஆண்டு டோக்கியோவை அவ்வாறு பார்த்து, 10 மீட்டர் நீளமுள்ள கான்வாஸில் 7 நாட்களில் வரைந்தார். 'மனித கேமரா' என்று உலகம் அவருக்குப் பட்டம் சூட்டியது. பாராட்டாகவே வழங்கப்பட்ட பட்டம்தான். ஆயினும் அது அவருடைய கலையில் பாதியை மறைத்துவிடுகிறது என்பது நம் கருத்து.

1974-இல் பிறந்த வில்ட்ஷைருக்கு மூன்று வயதில் ஆட்டிசம் இருப்பது கண்டறியப்பட்டது. பேச்சு வரவில்லை, ஆனால் ஓயாமல் வரைந்தார். அவரைப் பேசத் தூண்டுவதற்காக ஆசிரியர்கள் ஓவியப் பொருள்களைச் சிறிது காலம் எடுத்து வைத்தனர். அப்போது அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் 'காகிதம்' என்பதாகும். தேவைதான் அவருக்கு மொழியைத் தந்தது. அந்தத் தேவையோ வரைவதற்கானது.

அவர் எவற்றை வரைந்தார் என்று பார்த்தால், அவருடைய ஊற்றுக்கண்கள் தெளிவாகும். முதலில் விலங்குகள், பிறகு லண்டன் பேருந்துகள், அதன்பின் கட்டடங்கள். நிலநடுக்கத்தின் அழிவைக் காட்டும் புகைப்படங்களைச் சிறுவயதில் பார்த்தவர், நிலநடுக்கத்தில் இடிந்த நகரங்களைக் கற்பனையாகவும் வரைந்திருக்கிறார். பழைய அமெரிக்கக் கார்களின் மீது அவருக்குத் தீராத காதல். வானளாவிய கட்டடங்களும் மஞ்சள் நிற டாக்சிகளும் நிறைந்த நியூயார்க் நகரத்தை அவர் மீண்டும் மீண்டும் வரைகிறார். கேமராவுக்கு விருப்பமான நகரம் என ஒன்று இருப்பதில்லை. வில்ட்ஷைருக்கு இருக்கிறது.

அவருடைய பாணியும் இதையே சொல்கிறது. பேனாவே அவரது முதன்மைக் கருவி. காதில் இசை ஒலித்துக்கொண்டிருக்க, தயக்கமின்றிக் கோடுகளை இழுத்துச் செல்கிறார். எண்ணற்ற சன்னல்களும் தூண்களும் வளைவுகளும் நெருக்கமாக அமைந்தாலும், படம் மூச்சுமுட்டுவதில்லை. வானத்துக்கும் நீருக்கும் வேண்டிய வெற்றிடத்தை விட்டுவைக்கிறார். எதை அழுத்திக் காட்டுவது, எதை ஓரிரு கோடுகளில் கடப்பது என்ற முடிவு அவருடையது. நினைவாற்றல் அவருக்கு மூலப்பொருளைத் தருகிறது. அதிலிருந்து படத்தை உருவாக்குவது அவருடைய ரசனையும் பல்லாண்டுப் பயிற்சியும். லண்டனின் கலைக் கல்லூரி ஒன்றில் முறையாகப் பயின்றவரும்கூட.

இந்தத் திறமை வாழ்வாதாரமாக மாறிய விதமே நம்மைப் போன்ற வங்கி வாடிக்கையாளர்கள் கூர்ந்து நோக்க வேண்டியது. அவருக்கு எட்டு வயதானபோது, முன்னாள் பிரதமர் எட்வர்டு ஹீத் சாலிஸ்பரி பேராலயத்தை வரைந்து தருமாறு பணித்தார். 1987-இல் அவரது முதல் ஓவிய நூல் வெளிவந்தது. 2006-இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது கிடைத்தது, அதே ஆண்டில் லண்டனின் மையப்பகுதியில் அவருடைய பெயரிலேயே நிரந்தர ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. குடும்பம் துணை நின்றது, ஆசிரியர்கள் வழிகாட்டினர். அவற்றோடு, அவருடைய படங்களைச் சமூகம் விலை கொடுத்து வாங்கியது. வியந்து கைதட்டியதோடு அது நின்றுவிடவில்லை.

ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் இத்தகைய ஆற்றல் இருப்பதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், மிகச் சிலருக்கே அது வாய்க்கிறது. அவர்களிடம் அற்புதத்தை எதிர்பார்ப்பதும் ஒருவகை அநீதியே. ஆனால் உழைப்புக்கு விலையும் படைப்புக்கு உரிமையும் பெற, மேதையாக இருக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதை ஏற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. சொத்து வைத்திருக்கவும், தம் பணவிவகாரங்களைத் தாமே நிர்வகிக்கவும், வங்கிக் கடன் பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்று அச்சட்டம் கூறுகிறது. பதினெட்டு வயது கடந்தும் துணை தேவைப்படுவோருக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் உள்ளூர் அளவிலான குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். அந்தச் சான்றிதழைக் கொண்டு வங்கிக் கணக்கைத் தொடங்கவும் இயக்கவும் முடியும். பாதுகாவலர் கையெழுத்திட்டாலும் பணம் யாருடையது என்பதில் ஐயம் எழக் கூடாது.

ஆண்டு இறுதியில் நாட்காட்டியாகவும் வாழ்த்து அட்டையாகவும் இத்தகைய கலைஞர்களின் படங்கள் நம் கைக்கு வருகின்றன. அப்போது நாம் சில கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். வரைந்தவரின் பெயர் அச்சிடப்பட்டுள்ளதா? விற்பனைத் தொகையில் அவருடைய பங்கு எவ்வளவு? அது அவருடைய கணக்குக்குச் செல்கிறதா? கண்காட்சியில் ஓர் ஓவியத்தை நாம் விலைக்கு வாங்கினாலும், அதைப் பிரதியெடுத்து விற்கும் பதிப்புரிமை நமக்கு வந்துவிடுவதில்லை. எழுத்துவழி ஒப்பந்தமின்றி அது படைத்தவரை விட்டு நீங்காது.

கருணையால் வாங்கப்படும் படம் பெரும்பாலும் அலமாரிக்குள் போய்விடும். பிடித்ததனால் வாங்கப்படும் படம் சுவரில் இடம்பெறும். வரைந்தவருக்கு அடுத்த பணியையும் தேடித் தரும். ஆகவே நன்றாக இல்லாத படத்தை இரக்கத்தால் பாராட்ட வேண்டாம். நன்றாக உள்ள படத்துக்குப் பேரம் பேசாமல் உரிய விலை தருவோம். அந்தத் தொகையை வரைந்தவரின் பெயரிலேயே செலுத்துவோம்.