வானம் நம் கையில் இல்லை



சென்ற கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த வாரத்தில், ஒரு மாலைப் பொழுதில் பெரியவர் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். நூற்பாலையில் 35 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். அண்மையில்தான் திருமணப் பொன்விழா கண்டவர். மகிழ்ந்திருக்க வேண்டிய அவர் முகம் வாடியிருந்தது. “ஏனுங்க சாமி, எங்க பசங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்லீங்க. எல்லாம் ஒரு மழையால வந்த வினைங்க” என்றார்.

மழையால் உடன்பிறந்தார்க்குள் பகையா! மோட்டார் பம்புகள் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர் நம் பீளமேடு. ஆழக் கிணற்று நீரை மேலே கொண்டுவருவதிலேயே தலைமுறைகளைக் கழித்தவர்கள் நாம். மழை பெய்யவில்லையே என்று வருந்தி வந்தவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பெய்த மழையால் மனம் உடைந்து வந்தவரை அன்றுதான் கண்டேன்.

அவர் கூறிய செய்தி இதுதான். பெற்றோரின் பொன்விழாப் பரிசாக மக்கள் இருவரும் பணம் சேர்த்து, கொச்சியிலிருந்து இலட்சத்தீவுகளுக்கு ஐந்து நாள் கப்பல் உலாவுக்கு ஏற்பாடு செய்தனர். இரு மருமக்களும் பேரக் குழந்தைகளுமாக மொத்தம் ஒன்பது பேர். சனவரியில் போகலாம் என்றார் இளையவர். பிள்ளைகளுக்கு விடுமுறை மே மாதத்தில்தானே என்றார் மூத்தவர். மூத்தவர் சொல்லே நின்றது. முதல் தீவில் வெயிலும், பச்சை மணி போன்ற கடல்நீரும், குழந்தைகளின் கும்மாளமுமாகப் பொழுது இனிதே கழிந்தது. அன்றிரவு காற்றும் மழையும் தொடங்கின. மறுநாள் கப்பல் இரண்டாம் தீவின் அருகே சென்று நின்றது. ஆனால் படகில் எவரும் இறங்க வேண்டாம் என்று கப்பல் தலைவர் அறிவித்துவிட்டார். இரண்டு மணி நேரம் காத்திருந்து, கரையைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுக் கப்பல் திரும்பியது.

மூத்தவர் சினந்து, “பணம் கட்டி வந்திருக்கிறோம், ஒரு தூறலுக்கா இப்படி?” என்று கப்பல் அலுவலரிடம் வாதிட்டார். அருகில் நின்ற இளையவர், “நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார். சொன்னவை மூன்றே சொற்கள். எஞ்சிய நாள்களில் இரு குடும்பங்களும் தத்தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டன. அந்தக் கதவு ஊர் வந்த பின்னும் திறக்கவில்லை.

அக்குடும்பத்தைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவர்களது இசைவு பெற்றே எழுதுகிறேன். இது இன்று நம்மில் பலருக்கும் நேரக்கூடியது. கப்பல் உலா செல்வர்க்கு மட்டுமே உரியதாயிருந்த காலம் மாறி வருகிறது. 2022 சூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் புறப்பட்டது. 2023 சூனில் அங்கிருந்தே இலங்கைக்கும் கப்பல் உலா தொடங்கியது. 2023 அக்டோபர் 14-ஆம் நாள் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஆரவாரத்துடன் தொடங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அது ஒரே வாரத்தில், அக்டோபர் 20-ஆம் நாளோடு, வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியது 2024 ஆகஸ்டில்தான். இரு நாட்டு அரசுகள் கூடித் தொடங்கிய சேவையே வானத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறதென்றால், நம் குடும்பச் சுற்றுலா எம்மாத்திரம்?

நம் வட்டாரத்தில் மழை அளவோடுதான் பெய்யும். தென்மேற்குப் பருவக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்து நமக்குக் குளிர்ச்சியையும் சாரலையும் தருகிறது. அதே காற்று கேரளக் கரையில் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் இங்கு வருகிறது. எனவே நம் ஊர் வானத்தைப் பார்த்துக் கொச்சிக் கடலை மதிப்பிடலாகாது. கேரளத்தில் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் சூன் 1. அதற்கு முன்பே, மே மாத நடுவிலிருந்து, கடலின் குணம் மாறத் தொடங்கிவிடும். நம்மைச் சூழ்ந்த கடல்களில் புயல்கள் தோன்றும் காலங்கள் இரண்டு: ஏப்ரல் முதல் சூன் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. சனவரி முதல் மார்ச் வரையிலான திங்கள்களே கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் காலம். இளையவர் கூறியது சரியே. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்தவர் கூறியதும் தவறன்று. மே மாதத்தைத் தேர்ந்துகொண்டோமானால், மழையையும் சேர்த்தே தேர்ந்துகொண்டோம் என்பதை வீட்டார் அனைவரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அங்கேதான் பிழை நேர்ந்தது.

இனி, கப்பல் தலைவர் ஏன் மறுத்தார் என்பதைக் காண்போம். இலட்சத்தீவுகள் பவளப்பாறைத் தீவுகள். 36 தீவுகளில் மக்கள் வாழ்பவை 10. தீவைச் சூழ்ந்து பவளத் திட்டும், அதனுள்ளே ஆழமற்ற காயலும் இருப்பதால், பெரிய கப்பல்கள் பல தீவுகளில் கரையை அணுக முடியாது. திட்டுக்கு வெளியே ஆழ்கடலில் கப்பல் நிற்கும். பயணிகள் சிறு படகில் இறங்கிக் கரை சேர வேண்டும். மழையில் நனைவது பெரிதன்று. அலை எழும்பும்போது படகு ஒரு நொடியில் மேலே வரும். மறு நொடியில் கீழே போகும். அந்த இடைவெளியில்தான் நம் குழந்தையும் முதியவரும் கால் எடுத்து வைக்க வேண்டும்! கால் தவறினால் கப்பலுக்கும் படகுக்கும் நடுவே விழ நேரும். வானம் வெளுத்திருந்தாலும், எங்கோ தொலைவில் வீசிய புயலின் அலைகள் இங்கு வந்து மோதுவதுண்டு. கேரளக் கடலோர மக்கள் இதனைக் கள்ளக்கடல் என்பார்கள்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலை நாம் மறக்கலாகாது. நவம்பர் 29-ஆம் நாள் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே புயலாகிக் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியது. அதன்பின் இலட்சத்தீவுகளையும் தாக்கியது. கடலிலேயே பிறந்து வளர்ந்த மீனவச் சகோதரர்கள் பலர் கரை திரும்பவில்லை. அவர்களுக்காக நம் ஆலயங்களில் நாம் மன்றாடினோம். கடலை அறிந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், கரையில் வாழும் நாம் கப்பல் தலைவரிடம் வாதிடலாமா?

ஆகவே, பயணத்தில் வரும் மழை இருவகை என்று கொள்ளுங்கள். ஒன்று, நம் விருப்பத்தை மட்டும் கெடுக்கும் மழை. மற்றொன்று, உயிருக்கு ஊறு விளைக்கும் மழை. முன்னதைச் சிரித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பின்னதற்கு மறுபேச்சின்றிக் கீழ்ப்படிய வேண்டும். நாமோ பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். தூறலுக்கு முகம் சுளிக்கிறோம். ஆபத்தில் துணிச்சல் காட்டுகிறோம்!

எது எவ்வகை என்று அறிவதற்குச் சிறிது பயிற்சி போதும். வானிலை அறிக்கையில் “ஓரிரு இடங்களில்” மழை பெய்யும் என்றால், ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25-க்கு மேற்படாதவற்றில் பெய்யும் என்பது பொருள். அதைக் கேட்டு அஞ்சி வீட்டில் அமர வேண்டுவதில்லை. வெப்பமண்டல மழை பெரும்பாலும் பாட்டம் பாட்டமாக வந்து போவது. நிலத்தில் அது பிற்பகலிலும் மாலையிலும் மிகுதி. திறந்த கடலிலோ பின்னிரவிலும் விடியற்காலையிலும் மிகுதி. ஆகவே காலையில் கண் விழித்ததும் கருமேகத்தைக் கண்டு அன்றைய நாளே போயிற்று என்று புலம்பலாகாது. நண்பகலில் வெயில் காயலாம். துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் கவனியுங்கள். 1, 2 ஆகியவை தொலைவில் கடலில் ஒரு சீற்றம் தோன்றியிருப்பதைக் காட்டுபவை. 3 முதல் அந்தத் துறைமுகத்துக்கே உரிய எச்சரிக்கை. எண் ஏற ஏற இடரும் ஏறும்.

பயணம் செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்:

1. பணம் கட்டுமுன், ஒரு தீவு விடுபட்டாலோ பயணமே நின்றாலோ என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் கேட்டுப் படியுங்கள். பாதுகாப்பை முன்னிட்டு வழியை மாற்றும் உரிமை கப்பல் தலைவருக்கு உண்டு என்ற விதி பெரும்பாலான பயணச் சீட்டுகளில் இருக்கும். பின்னர்ச் சினப்பதைவிட முன்னர்ப் படிப்பது நன்று.

2. கப்பல் புறப்படுவதற்கு முதல் நாளே கொச்சி சென்றுவிடுங்கள். கோவையிலிருந்து எர்ணாகுளத்திற்கு இரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான்; ஆயினும் மழையில் இரயில் தாமதிக்கலாம், கப்பல் தாமதிக்காது. திரும்பிய மறுநாளே திருமணம், தேர்வு, நேர்காணல் என்று எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

3. கடற்காற்றில் குடை பயன்படாது. மழைச்சட்டை கொண்டு செல்லுங்கள். விரைவில் உலரும் ஆடைகளும், வழுக்காத இரப்பர் செருப்பும் தேவை. நுழைவு அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை, மருந்துகள் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் இட்டு ஒருவரே பொறுப்பாக வைத்திருக்கட்டும். நனைந்த தளத்தில் முதியவர் கைப்பிடி பற்றியே நடக்கட்டும். இடி மின்னலின்போது திறந்த மேல்தளம் வேண்டாம்.

4. தலைசுற்றலும் குமட்டலும் உடையோர், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தள அறையைக் கேட்டுப் பெறுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. தொடுவானத்தை நோக்கியிருப்பதும், வயிறு நிறைய உண்ணாதிருப்பதும் நலம். மாத்திரை வேண்டுமாயின் புறப்படுமுன்னரே மருத்துவரைக் கேளுங்கள்.

5. பெட்டியில் ஒரு பல்லாங்குழியும் தாயக்கட்டையும் வையுங்கள். மழை அடைத்த அறையில் அப்பாருவும் அப்பத்தாவும் பேரப் பிள்ளைகளோடு விளையாடும் ஒரு பிற்பகல், எந்தத் தீவுக்கும் குறைந்ததன்று.

6. எல்லாவற்றினும் முதன்மையானது இது: “நான் அன்றே சொன்னேன்” என்னும் சொல்லை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அது மழையை நிறுத்தாது, மனத்தைத்தான் நனைக்கும்.

கடலும் மழையும் பற்றிய பேச்சில் புனித பவுலின் உரோமைப் பயணம் நினைவுக்கு வராமல் இராது. திருத்தூதர் பணிகள் நூலின் இறுதி இரு அதிகாரங்களை இன்றிரவு குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள். கடற்பயணத்துக்கு உகந்த காலம் கடந்துவிட்டது என்று பவுல் எச்சரித்தார். தங்கியிருந்த துறைமுகம் குளிர்காலத்தைக் கழிக்க வசதியாக இல்லை என்பதால் பிறர் அதைக் கேளாமல் புறப்பட்டனர், புயலில் சிக்கினர். அப்போது பவுலும் தாம் அன்றே கூறியதை நினைவூட்டத்தான் செய்தார். ஆனால் அதோடு நிற்கவில்லை. திடம் கொள்ளுங்கள், உங்களில் எவரும் அழியமாட்டீர்கள் என்று தேற்றினார். அப்பத்தை எடுத்து நன்றி கூறி, எல்லாரையும் உண்ணச் செய்தார். 276 பேரும் உயிரோடு மால்டாத் தீவின் கரையேறினர். மழையும் குளிருமாக இருந்ததால் அத்தீவினர் தீ மூட்டி அவர்களை வரவேற்றனர். பிழையைச் சுட்டுபவன் தேற்றவும் கடமைப்பட்டவன் என்பதை நம் இளையவருக்கு நான் எடுத்துக் கூறியது இப்பகுதியைக் கொண்டுதான். பாதுகாத்தவரைப் பழிக்கலாகாது என்பதை மூத்தவருக்குக் கூற ஒக்கிப் புயலே போதுமாயிருந்தது.

அவ்வீட்டு அம்மையாரையும் ஒரு நாள் கண்டேன். “உங்களுக்கும் ஏமாற்றம்தானே அம்மா?” என்று கேட்டேன். “அதெல்லாம் இல்லீங்க சாமி. கடல்ல மழை பேயறத அன்னைக்குத்தான் பாத்தேனுங்க. பேரனை மடியில வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பாத்தேன். இத்தனை தண்ணியும் நம்ம காட்டுல பேஞ்சிருந்தா எத்தனை சோளம் வெளைஞ்சிருக்கும்னு நெனைச்சேனுங்க” என்றார். ஒன்பது பேரில் அந்தப் பயணத்தின் முழுப் பயனையும் பெற்றவர் அவர் ஒருவரே என்று எனக்குத் தோன்றியது.

சகோதரர் இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். பழைய நெருக்கம் முழுதும் திரும்பிவிட்டது எனக் கூற மாட்டேன்; அதற்குக் காலம் வேண்டும். ஆனால் அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கும் பொறுப்பை அண்ணன் தம்பியிடமே விட்டிருக்கிறார். தம்பி சனவரி மாதத்தைக் குறித்திருக்கிறார். சனவரியிலும் ஒரு பாட்டம் மழை வரலாம். வந்தால் அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.