தீபாவளித் துணியும் உடம்பின் அளவும்

தீபாவளி நெருங்கும் வாரங்களில், ஈப்போ ஜாலான் லாஹாட் வட்டாரத்து ஜவுளிக் கடைகளுக்குள், தமக்குப் பஞ்சாபி சூட் தேடியோ, வயது வந்த மகளுக்குப் பாவாடை தாவணி தேடியோ நுழைகிற பெண்மணியை நோக்கி விற்பனைப் பெண் முதலில் கேட்பது, “என்ன சைஸ்க்கா?” என்பதுதான், அதற்கு “எல்” என்றும் “நாற்பது” என்றும் உடனே வாயில் வருகிற விடையோ, பல வருஷங்களுக்கு முன்னர் எப்போதோ வாங்கிய ஒரு சட்டையின் கழுத்துப்பட்டியில் கண்ட எழுத்தாகவே பெரும்பாலும் இருக்கிறது. அன்றைய சரீரத்தை நாடா வைத்து அளந்து, அந்த அளவை ஒரு காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் மிகச் சிலரே. இந்தச் சிறிய அசிரத்தையால் எத்தனை குடும்பங்களில் உழைத்துச் சேர்த்த பணம் அலமாரிக்குள் மடிந்து கிடக்கிறது என்பதையும், எத்தனை பெண்கள் தம் உடம்பின்மீது காரணமின்றி வருத்தம் கொள்கிறார்கள் என்பதையும் எண்ணும்போது, இதனை அற்ப விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

1877ஆம் ஆண்டிலேயே ரப்பர் நாற்று நடப்பெற்ற கோலகங்சார் தொடங்கி, சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வரையில் தோட்டங்கள் பரந்து கிடந்த காலத்தில், நம் தாய்மாருக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு நெற்றி விளக்கோடு பால்வெட்டுக்குச் சென்றவர்கள், பழைய சேலையையோ கைலியையோ கணுக்காலுக்கு மேல் நன்றாக உயர்த்திக் கட்டி, அதன்மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டார்கள். முழுக்கை கொசுவைத் தடுத்தது. உயர்ந்த கட்டு ஈரப்புல்லிலும் முள்ளிலும் சிக்காமல் காத்தது. சட்டையின் தாராளம், மரத்தைச் சுற்றிவந்து கத்தி இழுக்கும் கைக்கு இடம் கொடுத்தது. மார்பிலும் மடியிலும் பால் சிந்திக் கறுத்து, எத்தனை முறை வெளுத்தாலும் போகாத திட்டுகளோடு கொடியில் தொங்கிய அந்தச் சட்டையை அழகு என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும், அதன் ஒவ்வோர் அங்குலமும் அணிந்தவளின் வேலையைக் கேட்டுத் தீர்மானிக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

சம்பள நாளன்று சைக்கிளின் பின்னே மூட்டை கட்டி வந்த ஜவுளி வியாபாரியிடம் வாங்கிய சீட்டித் துணி, லயத்திலேயே தையல் மெஷின் வைத்திருந்த ஓர் அக்காவின் வீட்டுக்குப் போகும். அந்த அக்கா பிள்ளையை நிறுத்தி வைத்து அளந்து, பாவாடையின் அடியில் இரண்டு மூன்று மடிப்புகளை உள்ளே விட்டுத் தைத்துக் கொடுப்பார். பிள்ளை வளர வளர, தீபாவளிக்கு ஒன்றாக அம்மடிப்புகள் பிரிக்கப்படும். பிரித்த இடத்தில், வெயிலும் சோப்பும் படாத பழைய நிறம் ஒரு கோடாக அடர்ந்து தெரியும். வறுமையின் அடையாளம் என்று அக்கோட்டைக் கண்டு சிலர் கூச்சப்பட்டதுண்டு; எனக்கோ, உடம்பு மாறும் என்பதை முன்னரே அறிந்து, அதற்குத் தக்கபடி துணியில் இடம்விட்ட ஒரு பெண்ணின் புத்திக்கூர்மைக்கு அது சாட்சியாகவே படுகிறது.

பின்னர், பெருந்தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் தோட்டத் துண்டாடல் வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கிக் காக்கப் பெருமுயற்சி செய்தார். எனினும் ரப்பர் நின்ற நிலங்களில் காலக்கிரமத்தில் செம்பனை ஏறிற்று, லயங்கள் காலியாயின, குடும்பங்கள் புந்தோங், சிலிபின், மெங்லெம்பு முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தன. தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளிலும் அலுவலகத்துக்குப் பேருந்திலும் செல்லத் தொடங்கிய பெண்களுக்குச் சேலை விசேஷ தினத்து உடையாகிவிட, இந்தியாவிலிருந்து ஆயத்தமாய் வந்திறங்கிய பஞ்சாபி சூட் அன்றாட உடையாயிற்று. சௌகரியமான மாற்றம்தான். ஆனால் அந்த மாற்றத்தோடு, நம்மை நிறுத்தி வைத்து அளந்த அக்காவின் நாடா நம் வாழ்விலிருந்து விலகி, முகமறியாத எவரோ எங்கோ தீர்மானித்த ஓர் எண் அவ்விடத்தில் வந்து அமர்ந்தது.

அந்த எண்ணின் பூர்வோத்தரத்தைச் சற்றே ஆராய்ந்தால், அதற்கு நாம் கொடுக்கிற மரியாதை எவ்வளவு அளவுக்கு மீறியது என்பது புலப்படும். ஆயத்த ஆடைகளுக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்று, அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த ரூத் ஓ’பிரையனும் வில்லியம் ஷெல்டனும் ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் வீதம் எடுத்து, 1941ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார்கள். வெள்ளையரின் அளவுகள் மட்டுமே அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்டன. அதனை ஆதாரமாகக் கொண்டு 1958ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட வர்த்தக அளவுமுறையும் பெண்களின் உடம்புக்குப் பொருந்தி வராமையால், 1983ஆம் ஆண்டில் அரசாங்கமே அதனைக் கைவிட்டது. அதன்பின் ஒவ்வொரு கம்பெனியும் தான் நிறுத்திக்கொண்ட ஒரு மாதிரிப் பெண்ணின் சரீரத்தை வைத்துத் தன்தன் அளவை வகுத்துக்கொள்கிறது. வாங்குகிறவர் மனம் மகிழட்டும் என்று பெரிய சட்டைக்குச் சிறிய எண்ணை ஒட்டுகிற வழக்கமும் பரவியிருக்கிறது. நமக்குத் துணி அனுப்பும் இந்தியாவிலோ, தேசத்துக்கென்று சொந்தமான ஓர் அளவுமுறை நெடுங்காலம் இல்லாமலே இருந்தது. 25,000 ஆண் பெண்களை முப்பரிமாணக் கருவி கொண்டு அளந்து அக்குறையைத் தீர்க்கும் திட்டத்தை, அந்நாட்டின் ஆடை வடிவமைப்புக் கழகமாகிய நிஃப்ட் இந்த நூற்றாண்டில்தான் மேற்கொண்டது. ஆகவே, ஐந்தடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும், பிள்ளை பெற்று அகன்ற இடுப்பும் உடைய நம் வீட்டுப் பெண், எங்கோ எவரையோ உத்தேசித்து வெட்டிய சட்டை தனக்கு ஏறவில்லை என்பதற்காகத் தன்னையே நொந்துகொள்ள யாதொரு நியாயமும் இல்லை.

சரியான அளவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைப் புந்தோங்கில் தன் வீட்டு முன்கூடத்திலேயே தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்மணியிடம் கண்டேன். முன்னாளில் பால்வெட்டு வேலை செய்த ஒரு மூதாட்டி பேத்தியின் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க வந்திருந்தார். தையற்காரப் பெண் அவருடைய இடது தோளை அளந்ததோடு நில்லாமல், வலது தோளையும் தனியே அளந்து, இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

“வலது தோளு இறங்கித்தாம்மா இருக்கும். காண்டாவாளி தூக்குன தோளு,” என்றார் மூதாட்டி.

“தெரியுது பாட்டி. அந்தப் பக்கம் கொஞ்சம் எறக்கி வெட்டிடுறேன். போட்டா ரெண்டும் சமமா நிக்கும்,” என்று சொல்லிக்கொண்டே அவர் கைச்சுற்றை அளக்கப் போய்விட்டார். ஒரு ஜன்மத்து உழைப்பு அந்தத் தோளில் விட்டுச்சென்ற தடத்தைக் குறையென்று சொல்லாமல், ஓர் அளவாக மட்டுமே ஏற்று எழுதிக்கொண்ட அந்த மனப்பான்மையே ஆடைக் கலையின் முதற் பாடம் என்று நான் கருதுகிறேன்.

அந்தப் பாடத்தை வீட்டிலேயே கற்கலாம். மார்புச் சுற்றளவை எடுக்கையில், அந்த உடையோடு அணியப்போகும் உள்ளாடையையே அணிந்து, மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் இயல்பாக நின்று, நாடா முதுகில் சரிந்துவிடாதபடி வேறொருவரைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். இடையின் ஒடுங்கிய இடம் ஒன்று, அதற்குக் கீழே இடுப்பின் அகன்ற இடம் ஒன்று, முதுகின் குறுக்கே ஒரு தோள் எலும்பிலிருந்து மறு தோள் எலும்பு வரை ஒன்று, புஜத்தின் பருத்த பாகத்தில் ஒன்று. இவ்வளவு போதும். பிறகு கடையில் சட்டையை மேசைமேல் விரித்து, ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம் வரை அளந்து இரட்டித்துப் பார்த்தால், அதன் மெய்யான சுற்றளவு தெரிந்துவிடும். ரவிக்கைக்கு உடம்பின் அளவைவிட ஓர் அங்குலம் மிகுந்தால் போதும். பஞ்சாபி டாப்புக்கோ மூன்று நான்கு அங்குலம் தாராளம் வேண்டும். மார்பு 38 அங்குலமானால், முடிந்த சட்டை 41 அல்லது 42 இருக்கவேண்டும். பட்டியில் எந்த எழுத்து இருந்தாலும் இந்தக் கணக்கையே நம்பலாம்.

இரண்டு சட்டைகளுக்கு இடையே மனம் ஊசலாடும்போது, தோள் பொருந்துவதையே எடுக்கவேண்டும் என்பது தையற்காரர்களின் ஏகோபித்த அபிப்பிராயம். பக்கங்களைப் பிடித்துத் தைப்பது எளிது, தோளையும் கைக்குழியையும் திருத்துவது பெரும்பாடு. ஆயினும் இடுப்பு அகன்றவர்கள் மார்பை மட்டும் பார்த்து வாங்கினால், டாப்பின் பக்கவெட்டு இடுப்பிலேயே விரிந்து நின்று முன்புறம் சுருக்கம் விழும்; அவர்கள் இடுப்புக்குப் பொருந்தும் அளவை வாங்கி மேலே பிடித்துக்கொள்வதே உசிதம். உட்புறத்தைத் திருப்பி, தையலுக்கு அப்பால் துணி விட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். பருத்தியானால் முதல் சலவையில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்குவதும் உண்டு. 40 அங்குல நீளத்தில் அது இரண்டு அங்குலம். தைக்கக் கொடுக்கும் துணியை முன்னரே நனைத்து உலர்த்திக் கொடுப்பவர்களுக்கு இந்த நஷ்டம் இல்லை.

நீளத்தைப் பற்றி நம் தோட்டத்துத் தாய்மார் கொண்டிருந்த பிரமாணமே இன்றும் எனக்கு உத்தமமாகத் தோன்றுகிறது. அணிகிறவள் அந்த உடையில் என்ன செய்யப்போகிறாள் என்பதைக் கேட்டு நீளத்தை வைக்கவேண்டும். மோட்டார் சைக்கிளில் செல்பவருக்குக் கணுக்காலில் புரளும் டாப்பும் சக்கரத்தை நாடும் துப்பட்டாவும் ஆபத்து. தைப்பூசத்தன்று பால்குடம் ஏந்தியும் காவடிகளின் பின்னும் கல்லுமலைக் கோயிலுக்கு நடக்கிறவர்கள், சேலையைத் தரையில் கூட்டாதபடி ஓர் அங்குலம் தூக்கிக் கட்டினால், வெறுங்காலில் மிதிபட்டு இடறமாட்டார்கள். கல்யாண மண்டபத்துக்கோ, அணியப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டே உள்பாவாடையைக் கட்டி, அதன்மேல் கொசுவம் வைக்கவேண்டும். வீட்டில் வெறுங்காலோடு கட்டிவிட்டு உயர்ந்த செருப்பை மாட்டினால், கணுக்கால் தெரிய நிற்க நேரும். சேலையின் அகலம் பெரும்பாலும் 45 முதல் 47 அங்குலம். குள்ளமானவர்கள் மிகுதியை இடையில் அதிகமாகச் செருகும்போது வயிறு பருத்துத் தோன்றுமாதலால், அகலம் குறைந்த சேலையைக் கேட்டு வாங்குவது நலம். பார்வைக்கென்று ஒரு விதியும் உண்டு: கெண்டைக்காலின் பருத்த இடத்தில் முடியும் உடை எவரையும் குள்ளமாகக் காட்டும், முழங்காலுக்குச் சற்றுக் கீழேயோ, கணுக்காலுக்குச் சற்று மேலேயோ முடிவது லக்ஷணமாயிருக்கும். அரசாங்க அலுவலகங்களுக்குச் செல்வோர், அங்கே வாசலில் உடை விதிகளை அறிவிக்கும் பலகை உண்டு என்பதை நினைவில் கொண்டு, முழங்காலை மறைக்கும் நீளத்தைத் தேர்ந்துகொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

இவ்வளவுக்கும் மேலாக, தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். துணி மாற்றும் அறையின் திரைக்குள் நின்று ஜிப் ஏறாமல் தவிக்கும் பதினான்கு வயதுப் பெண்ணிடம், “போன வருஷம் எம்தானே போட்ட, இப்ப டபுள் எக்ஸ்எல் கேக்குது பாரு,” என்று கடை முழுவதும் கேட்கச் சொல்லுகிற தாய், அன்பினால்தான் அப்படிச் சொல்லுகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொல் அந்தக் குழந்தையின் மனத்தில் எத்தனை வருஷம் தங்கும் என்பதை அவள் அறியாள். வளர்கிற பிள்ளையின் உடம்பு வளரத்தான் செய்யும். லயத்து அக்கா அதற்காகவே மடிப்பு விட்டுத் தைத்தார்; நாம் அதே பிள்ளையை ஓர் எழுத்துக்காகக் கூனவைப்பது எந்த விதத்திலும் தர்மமாகாது. இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இறுக்கமான உடையை வாங்கி வைக்கும் பெரியவர்களுக்கும் இதுவே பொருந்தும். இன்றைய உடம்புக்கு இன்று பொருந்துகிற உடையை மரியாதையோடு அணியுங்கள், நாளை இளைத்தால் நாளை பிடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, இவ்வருஷம் கடைக்குப் புறப்படுமுன் வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் அளந்து, அளவையும் தேதியையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளையும் ஒரு நாடாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தைக்கக் கொடுப்பதானால் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்து, உள்ளே ஓர் அங்குலத் துணி விடும்படி கேளுங்கள். கடைசி வாரத்தில் கொண்டுபோய்க் குவித்துவிட்டுத் தையற்காரரைக் கோபிக்காதீர்கள். வாங்கிய சட்டை பொருந்தி உட்கார்ந்ததும், கழுத்துப்பட்டியில் உறுத்துகிற அந்த எண்ணைக் கத்தரித்து எறிந்துவிடுங்கள். அதனால் உங்களுக்கு ஆகவேண்டிய காரியம் இனி ஒன்றும் இல்லை.