சராசரி செய்த மோசம்

சராசரி என்றால் நமக்கெல்லாம் அலாதியான நம்பிக்கை. இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டால் உண்மை கைக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். இருபது வருஷமாகக் கணக்கு உபாத்தியாயராயிருக்கும் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

ஒருநாள் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். உஷ்ணத்தைக் கடத்தும் திறன் 100 உள்ள உலோகத் தகடுகளும், 1 மட்டுமே உள்ள மரத் தகடுகளும், சமமான கனத்தில், ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மொத்த அடுக்கின் திறன் என்ன?

"ஐம்பதரை!" என்று வகுப்பு முழுவதும் கோஷித்தது. "சபாஷ்" என்றேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஸார், உஷ்ணம் தகடுகளின் நெடுகப் போகிறதா, குறுக்கே போகிறதா?" என்று கேட்டான்.

"அதிகப்பிரசங்கி, உட்கார்!" என்றேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நெடுகப் பாயும் உஷ்ணத்துக்கு உலோகம் தடையற்ற பாதையாக இருக்கிறது. அங்கே 50½ சரியே. குறுக்கே பாய்வதானால் ஒவ்வொரு மரத் தகட்டையும் கடந்தே தீரவேண்டும். விலகிப் போக வழி கிடையாது. சைக்கிளில் செல்லும் ஒருவர் நல்ல சாலையில் 12 கிலோமீட்டரை ஒரு மணியிலும், சேற்றில் 12 கிலோமீட்டரை ஆறு மணியிலும் கடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகங்களின் சராசரி 7. ஆனால் 24 கிலோமீட்டருக்கு 7 மணி நேரம் ஆகிறபடியால், உண்மை வேகம் மணிக்கு 3½ கூட இல்லை! அவ்விதமே கணக்கிட்டால், அடுக்கின் குறுக்குத் திறன் 2-க்கும் சற்றுக் குறைவு. 50½ என்று நம்பி இயந்திரத்துக்கு மூடி செய்யும் எஞ்சினீயர் 25 மடங்கு ஏமாந்து போவார். உஷ்ணம் வெளியேறாமல் இயந்திரமும் கெடும்.

கான்கிரீட், எலும்பு, மண் எல்லாம் இப்படிப்பட்ட கலவைகளே. ஒவ்வொரு கல்லையும் துவாரத்தையும் தனித்தனியே கணக்கிடுவது ஆகாத காரியம். ஆகவே சிறு கூறு ஒன்றை எடுத்து, அதன் உள்ளமைப்பை நுட்பமாக ஆராய்ந்து, அதிலிருந்து முழுப் பொருளுக்கும் உரிய திறனைக் கணித சாஸ்திரிகள் வருவிக்கிறார்கள். இதற்கு ஹோமோஜினைசேஷன், அதாவது ஒருசீராக்கல், என்று பெயர். 1873-ல் மாக்ஸ்வெல், ஒரு பொருளில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு உருண்டைகளுக்கு இத்தகைய கணக்கைச் செய்தார். 1892-ல் ராலே பிரபு, ஒழுங்காக அடுக்கிய உருண்டைகளுக்குச் செய்தார். இந்த முறைகளை விரிவாக எடுத்துரைத்த பென்ஸூஸான், லியோன்ஸ், பாபனிகொலாவ் ஆகிய மூவரின் நூல் 1978-ல் வெளிவந்தது. இவற்றிலெல்லாம் அடிப்படையான பாடம் ஒன்றே: எவ்வளவு கலந்திருக்கிறது என்பது போதாது, எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் கேட்கவேண்டும்.

அதைத்தான் அந்தப் பையன் கேட்டான். மறுநாள் வகுப்பார் முன்னிலையில், "நேற்று நீ கேட்டதே சரி, தவறு என்னுடையது" என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

கணக்கில் அவன் வாங்கும் மார்க்கு வகுப்பின் சராசரிக்கும் கீழேதான். அந்தச் சராசரியையும் இனி நான் அவ்வளவாக நம்புவதாயில்லை.